ஒரே யார்டில் ஒரே கிங் பின்: ராணிப்பேட்டை ஹார்ஸ் ஒன்றுக்கு ஃபிஃப்த் வீல் தேர்வு

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 6×4 (பின்னால் இரட்டை அச்சு) ஹார்ஸ், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி. இருக்குமிடம் ராணிப்பேட்டை சிப்காட். பழைய ஃபிஃப்த் வீலை (டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கிப் பூட்டும் தட்டு) கழற்றிவிட்டுத்தான் விற்றிருக்கிறார்கள். சேஸிஸில் போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். உரிமையாளரிடம் ஏற்கெனவே மூன்று அச்சு கொண்ட 40 அடி டிரெய்லர் ஒன்று உண்டு, அதன் கிங் பின், அதாவது ஃபிஃப்த் வீலுக்குள் போய்ப் பூட்டும் முளை, 2 அங்குலம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பொருள் கண்டெய்னர் ஏற்றிச் சென்னைத் துறைமுகம் போகும். திரும்பும்போது ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு இரும்புத் தகடும் காயிலும் (சுருட்டிய தகடு) வரும். இடையிடையே பாய்லர் உதிரிப் பாகம் ஏற்ற வெளியாரின் லோ-பெட் (தாழ்ந்த தளமுள்ள டிரெய்லர்) ஒன்றையும் இழுக்க வேண்டியிருக்கும், அதன் கிங் பின் 3.5 அங்குலம்.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, உடைசல் யார்டில் கிடைத்த பழைய 2 அங்குல ஃபிஃப்த் வீல். இரண்டு, புதிய 2 அங்குலம். மூன்று, லாக் பாகங்களை மாற்றினால் 2 அங்குலத்துக்கும் 3.5 அங்குலத்துக்கும் பொருந்தும் கனரக வகை. "55 டன் இழுக்குமா?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான விடை ஐந்து நிமிடக் கணக்கில் வந்துவிடும். இந்த வண்டியில் அசல் சிக்கல் ஃபிஃப்த் வீலை எங்கே வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது என்பதில் இருந்தது.

எடைக் கணக்கு

ஃபிஃப்த் வீலின் விவரத் தகட்டில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று டி-மதிப்பு. இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் லாக்கில் விழும் கிடைவிசையை அது காட்டுகிறது. மற்றது மேலிருந்து இறங்கும் எடையின் உச்சவரம்பு. 2 அங்குல வகையில் பரவலாகக் கிடைப்பது 152 கிலோநியூட்டன், 20 டன்.

டி-மதிப்பைக் கணக்கிட, ஹார்ஸின் மொத்த எடையை (மேலே இறங்கும் சுமையையும் சேர்த்து) டிரெய்லரின் மொத்த எடையால் பெருக்குங்கள். அதை, இரண்டு எடைகளையும் கூட்டி ஃபிஃப்த் வீல் மேல் இறங்கும் எடையைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். பிறகு 0.6 ஆலும் 9.81 ஆலும் பெருக்குங்கள். எடைகள் டன்னில் இருந்தால் விடை கிலோநியூட்டனில் வரும்.

2018 இல் திருத்திய அச்சு எடை வரம்புப்படி இந்த வண்டிக்கு முன் அச்சில் 7 டன், பின் இரட்டை அச்சில் 21 டன், டிரெய்லரின் மூன்று அச்சில் 27 டன். மொத்தம் 55. காலி ஹார்ஸ் 9.5 டன் என்றால், 28 டன் வரம்பு வரை ஃபிஃப்த் வீல் மேல் 18.5 டன் இறங்கலாம். அப்போது டிரெய்லரின் மொத்த எடை 45.5 டன். 28 × 45.5 ÷ 55 = 23.16. அதை 5.886 ஆல் பெருக்கினால் 136 கிலோநியூட்டன். 152 க்குள் வருகிறது. இறங்கும் 18.5 டன்னும் 20 க்குள் வருகிறது. ஆக, சட்டப்படி ஏற்றும் 55 டன்னுக்கு 2 அங்குலமே போதும். இதே டிரெய்லரை 7 டன் எடையுள்ள 4×2 (பின்னால் ஒற்றை அச்சு) ஹார்ஸ் இழுத்தால் (மொத்தம் 45.5 டன்) டி-மதிப்பு 92 தான்.

பலரும் கவனிக்காத ஒன்று இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. டிரெய்லரின் எடையைக் கூட்டிக்கொண்டே போனாலும் டி-மதிப்பு அந்த வேகத்தில் ஏறாது. இதே ஹார்ஸில் டிரெய்லர் 60 டன் ஆனால் 142, 80 டன் ஆனால் 147. ஹார்ஸின் எடை மாறாததால் விசைக்கும் ஓர் எல்லை வந்துவிடுகிறது. ஆகவே 3.5 அங்குலம் வேண்டுமா என்பதை இழுவை எடையை விட, மேலிருந்து இறங்கும் எடையே பெரும்பாலும் முடிவு செய்யும். ஹைட்ராலிக் டிரெய்லர் இழுக்கும் புல்லர்களுக்குப் பின் இரட்டை அச்சில் 28.5 டன் வரை அனுமதி உண்டு. ஹார்ஸ் 11 டன் என்று வைத்தால் இறங்கும் எடை 24.5 டன். அங்கே 20 டன் ஃபிஃப்த் வீலுக்கு வேலையே இல்லை, 3.5 அங்குலக் கனரக வகைதான். இந்த வண்டி அந்த ரகம் அல்ல.

மாற்றக்கூடிய வகை ஏன் வேண்டாம்

கேட்கும்போது மூன்றாம் வழி கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரே ஃபிஃப்த் வீலில் இரண்டு டிரெய்லரையும் இழுத்துவிடலாமே? ஆனால் லாக் பாகங்களை மாற்றுவது ஓட்டுநர் சாலையோரத்தில் செய்யும் வேலை அல்ல. டிரெய்லரைக் கழற்ற வேண்டும், தட்டைத் தூக்க வேண்டும், கிங் பின்னைப் பிடிக்கும் தாடையையும் தேய்மான வளையத்தையும் மாற்றி மறுபடி லாக் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் இதை யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்.

3.5 அங்குல லாக் இருக்கும்போது 2 அங்குலப் பின்னுள்ள டிரெய்லரைப் பின்னால் வந்து மாட்டினால் பின் உள்ளே போய்விடும். இருட்டில் பார்த்தால் மாட்டியது போலவே தெரியும். 88.9 மி.மீ. கழுத்துக்கு (பின்னின் ஒடுங்கிய பகுதி) செய்த லாக்கில் 50.8 மி.மீ. கழுத்து ஆடிக்கொண்டிருக்கும், முதல் கடும் பிரேக்கிலோ முதல் மேட்டிலோ வெளியே வந்துவிடும். இடைவெளியை வளையம் போட்டு நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம்.

எனவே முடிவு புதிய 2 அங்குலம். லோ-பெட் வேலைக்கு ஒரு நிபந்தனை. அதன் கிங் பின் போல்ட் போட்டு மாட்டும் வகையாக இருந்து, அதே போல்ட் அமைப்புக்கு 2 அங்குலப் பின் கிடைத்து, சுமையும் மேற்சொன்ன எல்லைக்குள் இருந்தால், லோ-பெட் உரிமையாளர் பின்னை மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த லோடை விட்டுவிடுவதே நல்லது. ஒரு யார்டில் இரண்டு அளவு கிங் பின் நிற்பது என்றைக்காவது ஒரு நாள் விபத்தில்தான் முடியும்.

பழைய ஃபிஃப்த் வீலைத் தள்ளிய காரணங்கள்

விலை பாதிக்கும் கீழே என்பதால் அதையும் முழுதாகப் பார்த்தாயிற்று. கிரீஸை டீசல் விட்டுச் சுத்தமாகக் கழுவிய பிறகுதான் எதுவும் தெரியும். கழுவாத ஃபிஃப்த் வீலை விலை பேசுவது மூடிய பெட்டியை வாங்குவது போலத்தான். தட்டின் மேல் நீண்ட இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் குழி தெரிந்தது. கிரீஸ் இல்லாமல் ஓடிய தட்டு அப்படித்தான் தேயும். தாடையில் கிங் பின் உட்காரும் பகுதி ஒரு பக்கமாக உண்ணப்பட்டிருந்தது. லாக் சரிசெய்யும் திருகு ஏற்கெனவே கடைசி வரை உள்ளே போயிருந்தது, அதாவது இனி இறுக்க இடமே இல்லை. பக்கத் தாங்கிகளின் ரப்பர் புஷ் நசுங்கியதால் தட்டைக் கையால் ஆட்டினால் மேலும் கீழும் ஆடியது. தாங்கியின் அடியில் ஓரிடத்தில் வெல்டிங் வைத்த தடம். வார்ப்பு இரும்புத் தாங்கியில் வெல்டிங் தெரிந்தாலே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வளையம், தாடை, புஷ் எல்லாம் புதிதாக வாங்கலாம். ஆனால் குழி விழுந்த தட்டும் வெல்டிங் வைத்த தாங்கியும் போக மிஞ்சுவது கைப்பிடிதான்.

உயரம்

சமதளத்தில், டிரெய்லரில் லோடு ஏற்றி, தளம் மட்டமாக நிற்கும்போது கிங் பின் தகட்டின் அடிப்பக்க உயரம் 1,280 மி.மீ. ஹார்ஸின் சேஸிஸ் மேல்விளிம்பு, லோடு இறங்கிய நிலையில், 1,010 மி.மீ. வித்தியாசம் 270. ஃபிஃப்த் வீலுக்கு அடியில் வரும் மவுண்டிங் தகடு 12 மி.மீ. போனால் ஃபிஃப்த் வீலுக்கு 258 கிடைக்கிறது. சந்தையில் 150, 185, 225, 250, 290 போன்ற உயரங்கள் உண்டு. 250 எடுத்தால் டிரெய்லர் மூக்கு 8 மி.மீ. தாழும், அது ஒன்றுமே இல்லை.

அளக்கும்போது நடக்கும் பொதுத் தவறு, காலி ஹார்ஸை அளப்பது. ஸ்பிரிங் அமுங்காத காலி வண்டியில் சேஸிஸ் உயரமாக நிற்கும், அதை நம்பி வாங்கினால் ஃபிஃப்த் வீல் குட்டையாகிவிடும். லோடு ஏற்றிப் பார்க்க வழியில்லை என்றால் அதே மாடலில் லோடோடு நிற்கும் வேறு வண்டியை அளந்துகொள்ளுங்கள்.

உயரம் கூடினால் கண்டெய்னரின் முன் உச்சி மேலே போகும். 9 அடி 6 அங்குல கண்டெய்னரே 2,896 மி.மீ. என்பதால் குறுக்குக் கம்பி, தாழ்ந்த பாலம் எல்லாம் நினைவில் இருக்க வேண்டும். ஆனால் பெரிய தொல்லை உயரம் குறையும்போதுதான். ஹார்ஸின் பின்முனை கிங் பின்னிலிருந்து 1.3 மீட்டர் பின்னால் இருக்கிறது. பட்டறை வாசல் சரிவில் வண்டி 6 டிகிரி மடங்கினால் அந்த இடத்தில் டிரெய்லரின் அடிப்பக்கம் சேஸிஸை நோக்கி 137 மி.மீ. நெருங்கும். 250 ஃபிஃப்த் வீலும் தகடும் சேர்ந்து 262 மி.மீ. கொடுப்பதால் 125 மிச்சம். 150 வகை வைத்திருந்தால் மிச்சம் 25 தான். அதற்கும் மேலாக, பின் டயரின் தலை சேஸிஸ் விளிம்பை விட உயரமாக நிற்கும் வண்டிகள் உண்டு. குழியில் ஒரு பக்கம் ஏறினால் டயர் டிரெய்லர் பீமில் உரசும். டயரின் மேல்பகுதியில் வட்டமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் காரணம் இதுதான், டயர் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

எங்கே வைப்பது

வீல்பேஸ், அதாவது முன் அச்சிலிருந்து பின் இரட்டை அச்சின் நடு வரை, 3.9 மீட்டர். எடைமேடையில் முதலில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஓர் எடை, பிறகு முழு வண்டி. மேடையும் அணுகுபாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன் அச்சு எடை பொய் சொல்லும். ஃபிஃப்த் வீல், தகடு, நிறைந்த டீசல், இரண்டு ஆள் எல்லாம் சேர்த்து முன்னால் 5.0 டன், பின்னால் 4.5 டன்.

நடைமுறையில் ஒரு டன் ஒதுக்கி, இறங்கும் எடையை 17.5 டன் என்று வைத்துக்கொண்டால் நல்லது. அதில் முன் அச்சுக்குப் போகும் பங்கு, ஃபிஃப்த் வீல் பின் அச்சு நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்தத் தூரத்தை வீல்பேஸால் வகுத்தால் கிடைக்கும்.

சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகள் நடுவிலிருந்து 100 மி.மீ. முன்னால். முன்பு இழுத்த டிரெய்லரின் மூக்கு நீளமாக இருந்திருக்கும், கேபினில் முட்டாமல் இருக்கப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். அந்தத் துளையிலேயே மாட்டினால் வேலை மிச்சம், பட்டறையும் அதைத்தான் சொன்னது. கணக்கு வேறு சொல்கிறது: முன் அச்சு 5.45 டன், பின் இரட்டை அச்சு 21.55 டன். மொத்த எடை வரம்புக்குள், பின் அச்சு மட்டும் அரை டன் அதிகம். அச்சு வாரியாக எடை போட்டால் அபராதம் வரலாம். அதை விட, முன் சக்கரம் இலகுவாக நிற்பதால் மழை ஈரத்தில் ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்.

450 மி.மீ. முன்னால் தள்ளினால் முன் அச்சு 7.02 டன் ஆகிவிடும். ஆக, எடைப்படி இடம் சுமார் 225 முதல் 445 மி.மீ. வரை. 350 இல் வைத்தால் முன்னால் 6.57, பின்னால் 20.43.

350 ஐ முடிவு செய்தது கேபின் இடைவெளி. டிரெய்லர் மூக்கு கிங் பின்னிலிருந்து 1.2 மீட்டர் முன்னால், பாதி அகலம் 1.22 மீட்டர். திரும்பும்போது மூலை வரையும் வட்டத்தின் ஆரம் 1.71 மீட்டர். கேபின் பின்சுவரிலிருந்து பின் அச்சு நடு வரை 2.30 மீட்டர், ஏர் ஃபில்டர் 120 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. 350 இல் வைத்தால் மூலைக்கும் ஃபில்டருக்கும் சுமார் 120 மி.மீ. இடைவெளி. 420 இல் 50 தான், ஏர் ஹோஸ் நசுங்கும்.

இவ்வளவும் லோடு சரியான இடத்தில் இருந்தால்தான் பலிக்கும். காயில் ஏற்றும்போது இது உடைந்துபோகிறது. கிங் பின்னிலிருந்து டிரெய்லர் அச்சு நடு வரை 7.6 மீட்டர். 26 டன் காயிலை கிங் பின்னிலிருந்து 2 மீட்டர் பின்னால் வைத்தால், காயிலில் இருந்து 19.2 டன்னும் டிரெய்லரின் சொந்த எடையில் 2 டன்னும் ஃபிஃப்த் வீல் மேல் இறங்கும். 21 டன்னுக்கு மேல். ஃபிஃப்த் வீலின் வரம்பும் போயிற்று, ஹார்ஸின் பின் அச்சு 23.8 டன். மொத்த எடை 55 டன்னின் பக்கத்தில்கூட வரவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதே காயிலின் நடு 3.1 மீட்டருக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் 17.5 டன்னுக்குள் அடங்கும். டிரெய்லர் தளத்தின் ஓரத்தில் அந்த இடத்தைப் பெயின்டால் கோடு போட்டு வைத்தால் ஏற்றுமிடத்தில் வாக்குவாதம் வராது.

மாட்டுதல்

சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எல் வடிவ சப்ஃப்ரேம் ஆங்கிளைச் சேஸிஸின் பக்கச் சுவரில் மட்டும் போல்ட் போட்டு, அதன் மேல் 12 மி.மீ. மவுண்டிங் தகடு. துளைகளின் இடமும் எண்ணிக்கையும் வண்டித் தயாரிப்பாளரின் பாடி பில்டர் வரைபடத்தில் இருக்கும். கேஸ் கட்டரால் துளை போடுவதைக் கண்டால் நிறுத்துங்கள். டிரில்தான், பிசிறையும் நீக்க வேண்டும். பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைக்கவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம்.

ஃபிஃப்த் வீல் தாங்கியிலிருந்து தகடு வரை எம்16 போல்ட், 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தரம், தாங்கியில் உள்ள துளை அத்தனையிலும். இரண்டு துளை பொருந்தவில்லை என்று விடக் கூடாது. 8.8 தரத்துக்கு முறுக்கு சுமார் 200 நியூட்டன் மீட்டர், துல்லியமான எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் பைப் மாட்டி இறுக்கினால் போல்ட் இழுபட்டுவிடும். போல்ட் விழுந்தால் ஒழிய யாருக்கும் அது தெரியாது. தாங்கியின் முன்னும் பின்னும் தகட்டில் தடுப்புக் கட்டை வெல்டிங் வைத்தால் பிரேக் விசையை அவை தாங்கும், போல்ட்டின் மேல் வெட்டுவிசை வராது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்பைத் தகட்டிலேயே மாட்டுங்கள்.

முதல் 1,000 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் பார்க்க வேண்டும். பெயின்ட் அமுங்குவதாலேயே இறுக்கம் தளரும். தாங்கியும் தகடும் தொடும் பரப்பில் தடித்த பெயின்ட் அடிக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

மாட்டிக் கழற்றும் முறை

டிரெய்லர் தகடு ஃபிஃப்த் வீல் தட்டின் மட்டத்திலோ, 50 மி.மீ. வரை தாழ்வாகவோ இருக்கும்படி லேண்டிங் லெக்கை (டிரெய்லரின் முன்பக்கத் தாங்குகால்) திருப்பி வைத்துவிட்டு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஹார்ஸ் டிரெய்லரைச் சற்றே தூக்கிக்கொண்டு உள்ளே போகும். டிரெய்லர் உயரமாக நின்றால் கிங் பின் தாடையின் மேல் உட்கார்ந்து, மாட்டியது போல் ஏமாற்றும். டிரெய்லர் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

மாட்டியதும் மூன்று சோதனை. கைப்பிடி முழுதாக உள்ளே போய்ப் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்கிறதா? டார்ச் அடித்து, கிங் பின்னைச் சுற்றித் தாடை மூடியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா? பிறகு டிரெய்லர் பிரேக் பிடித்தபடியே முதல் கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தல். இந்த மூன்றும் முடிந்த பிறகே ஏர் ஹோஸ், லைட் கேபிள், கடைசியில் லேண்டிங் லெக். லெக்கை முதலில் தூக்கும் பழக்கம் பல யார்டுகளில் இருக்கிறது, மூக்குத் தரையில் விழுந்து கிடக்கும் டிரெய்லர்களுக்கு அதுவே காரணம்.

கிரீஸும் தேய்மானமும்

மாலிப்டினம் கலந்த இ.பி. (மிகை அழுத்தம் தாங்கும்) கிரீஸ், 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிப் பழைய கிரீஸை வழித்துவிட்டு. கிரீஸ் மேல் கிரீஸ் தடவினால் உள்ளே சிக்கிய மணல் அரமாக வேலை செய்யும். தட்டு காய்ந்தால் முதலில் ஸ்டீயரிங் கனக்கும், பிறகு முன் டயர் ஓரம் தேயும். ஓட்டுநர்கள் அலைன்மென்ட் பார்க்கக் கிளம்புவதற்கு முன் தட்டைத் தொட்டுப் பார்க்கலாம்.

கிங் பின்னைக் காலிபரால் அளக்க வேண்டும். 2 அங்குலப் பின்னின் கழுத்து 50.8 மி.மீ., 49 க்கு வந்தால் மாற்ற வேண்டும். தடித்த பகுதி 73, எல்லை 71. நீளவாக்கில் மட்டும் அளந்தால் போதாது. தேய்மானம் முன்பின்னாகத்தான் அதிகம் விழும் என்பதால் குறுக்கிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். புதிய ஃபிஃப்த் வீலில் தேய்ந்த கிங் பின்னை மாட்டினால் புதிய தாடையும் அதே வடிவுக்குத் தேய்ந்துவிடும். இந்த டிரெய்லரின் பின் 49.6 காட்டியதால், எல்லைக்குள் இருந்தபோதிலும் ஃபிஃப்த் வீலோடு சேர்த்துப் புதிதாக மாற்றச் சொல்லியிருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் "டக்" என்று சத்தம் வந்தால் லாக் இடைவெளி கூடிவிட்டது. டிரெய்லர் பிரேக் போட்டு ஹார்ஸை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். சரிசெய்யும் திருகை ஒரேயடியாக இறுக்காமல், ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் திருப்ப வேண்டும். மிக இறுக்கினால் லாக் முழுதாக மூடாது. திருகு கடைசியை எட்டியும் ஆட்டம் இருந்தால் தேய்மான வளையத்தையும் தாடையையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதை ஒரே சீசனில் தின்றுவிடும்.